சோளகக் காற்றில் நெடுந்தீவுக்கு ஒரு நேர்முகம்

காலை ஐந்தரைக்குத் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் யாழ்ப்பாண பஸ் வந்து நின்றபோது நான் சான்றிதழ்ப் பையோடு ஆயத்தமாக நின்றேன். கடல் பக்கத்தில் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆடி மாதம், சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றுக்கு எங்கள் வடகரையில் கடல் குளம்போலக் கிடக்கும். குடாநாட்டின் மறுபக்கத்தில், தீவுகளுக்குப் போகும் வழியில், அதே காற்றுக்குக் கடல் பேயாட்டம் ஆடும். எனக்கு விதித்திருந்தது அந்த மறுபக்கம்.

ஆடி மாதத்தில் நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, அங்கே பிறந்தவர்கள். மற்றது, வேறு வழியில்லாதவர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த எங்களில் பாதிப்பேர் இரண்டாம் வகை. ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் நெடுந்தீவுக் கிளைக்கு முகாமையாளர் தேடியது. முன்பு அந்த வேலையை ஏற்றவர்கள் எல்லாரும் தீவைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டு பிறகு ஓடிப்போனார்களாம். ஆகவே இந்த முறை நேர்முகத்தைத் தீவிலேயே வைப்பது என்று தீர்மானித்திருந்தார்கள்.

வழியனுப்ப அப்பு பஸ்தரிப்புவரை வந்தார். எங்கள் வீட்டில் தகப்பனை அப்பு என்றுதான் கூப்பிடுவோம்.

"கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. தொழிலைக் கேட்டா வியாபாரம் எண்டு சொல்லு. அதுக்கு மேலை வாய் திறவாதை," என்றார்.

"எத்தினை தரம் சொல்லுவியள், அப்பு?"

"நீ மறக்கிறாய். அதாலை சொல்லுறன்."

எங்கள் சந்நிதி முருகனுக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்கள். அன்று நானும் வாய்கட்டிப் போக வேண்டும் என்பது அப்புவின் கட்டளை. விண்ணப்பத்தில் தகப்பனாரின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதச் சொன்னவரும் அவர்தான். "பிடிச்ச மீனை விக்கிறம்தானே? அது வியாபாரம் இல்லாமல் என்ன?" என்று கேட்டார். பொருளியல் படித்த எனக்கு அதை மறுக்கத் தெரியவில்லை.

ஏன் இந்த ஒளிப்பு என்று வாசகர் கேட்கலாம். அதற்கு முன் நான் இரண்டு நேர்முகங்களுக்குப் போயிருந்தேன். ஒன்று திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்விநிலையம், மற்றது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மொத்த வியாபாரியின் கந்தோர். இரண்டு இடத்திலும் பாடம் பற்றிய கேள்விகளுக்கு நன்றாகவே மறுமொழி சொன்னேன். இரண்டு இடத்திலும் கடைசியில் ஊரையும் யாருடைய மகன் என்பதையும் கேட்டார்கள். "தம்பி எந்த ஊர்? ஆற்றை மேன்?" எங்கள் நாட்டில் ஊர் தெரிந்தால் கரை தெரியும், கரை தெரிந்தால் தொழில் தெரியும், தொழில் தெரிந்தால் சாதி தெரியும். மறுமொழியைக் கேட்டதும் எதிரே இருந்தவர்களின் முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்பு வந்தது. பிறகு "சரி, அறிவிப்பம்" என்றார்கள். இன்றுவரை ஒருவரும் அறிவிக்கவில்லை.

பஸ் அச்சுவேலியில் நின்றபோது ஒரு கமக்காரர் மிளகாய்ச் சாக்கைப் படியருகே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். யாழ்ப்பாணம் பதினாறு மைல், டிக்கட் எழுபது சதம். சாக்குக்கு வேறாகக் காசு கேட்ட கொண்டக்டரோடு நீர்வேலி வரைக்கும் சண்டை பிடித்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"சப்பாத்தும் களிசானும் போட்டிருக்கிறீர். தூரமோ?"

வெளிக்கிட்டவனைப் பார்த்து 'எங்கே போகிறாய்' என்று கேட்டால் போன காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தூரமோ என்று சுற்றி வளைத்துக் கேட்டு மனுசன் அதைக் காத்தார். இனி என் காரியம் கெட்டால் பழி அவர்மேல் இல்லை.

"ஓம். நெடுந்தீவுக்கு. நேர்முகப் பரீட்சை."

"கோறணமேந்து வேலையோ?"

"அரசாங்க வேலை இல்லை, சங்க வேலை."

"அதுவும் அதுக்குக் கிட்டத்தான். கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும், தம்பி. என்னைப் பாரும். வெளிநாட்டு மிளகாயைத் தடுத்த நாள் தொட்டு எனக்கு நல்ல காலம். கல்வீடு கட்டிப்போட்டன், உழவு மிசின் வாங்கிப்போட்டன். ஆனா என்ரை மேளுக்குக் கிளாக்கர் மாப்பிளைதான் வேணுமாம்." அவர் சிரித்தார். பிறகு, நான் பயந்தபடியே, "தம்பி எந்த ஊர்?" என்றார்.

சொன்னேன். "ஓ," என்றவரின் கண் என் முகத்தை விட்டு என் கைக்குப் போனது. விடுமுறைக்கு விடுமுறை கயிறு இழுத்துக் காய்த்த கை. நான் லேஞ்சியை எடுத்து முகம் துடைக்கிறவன்போலக் கையை அதற்குள் மறைத்துக்கொண்டேன். அவர் நல்ல மனுசன்தான், கோப்பாய்த் தோட்டங்களைக் காட்டித் தொடர்ந்து கதைத்துக்கொண்டுதான் வந்தார். எனக்குத்தான் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

ஏழேகாலுக்கு யாழ்ப்பாண பஸ்நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் பிடித்தேன். இருபது மைல், தொண்ணூறு சதம். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் பரவைக்கடல் விரிந்தது. முழங்காலளவு தண்ணீரில் வலை கட்ட நட்டிருந்த தடிகளுக்கிடையே ஒருவர் நடந்து இறால் பார்த்துக்கொண்டிருந்தார். வேலணையில் பனைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றன. புங்குடுதீவுக்குப் போகும் பாலத்தில் காற்று பஸ்ஸின் யன்னல் தட்டிகளை அடித்து அடித்துச் சாத்தியது. அந்த அடியைக் கேட்டதுமே கடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

குறிகட்டுவான் என்பது ஊர் அல்ல, தரையின் முடிவு. ஒரு நீண்ட துறை, ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு வாங்கு, அவ்வளவுதான். நெடுந்தீவுக்கு ஒன்பதரைக்கு ஒரேயொரு லோஞ்சி, பயணிகளை ஏற்றும் இயந்திரப் படகு. அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. பரீட்சிக்க வந்தவர்களும் பரீட்சிக்கப்பட வந்தவர்களும் அந்த ஒரே வாங்கில் அமர வேண்டியதாயிற்று. விண்ணப்பகாரர் நான்கு பேர். அவர்களில் வாய்க்காரர் சாவகச்சேரித் தவராசா. அவர் என் காதுக்குள் குனிந்து, "உந்த நாஷனல் சட்டையோடை குடையும் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாரே, உவர்தான் சங்கத் தலைவர். மருதனார்மடத்து ஆள். முந்தி அரசாங்கக் கச்சேரியிலை பெரிய கிளாக்கராயிருந்தவர். பக்கத்திலை இருக்கிறவர் பரிசோதகர்," என்றார்.

தலைவர் எங்களைப் பார்க்கவில்லை. நாங்களும் அவரைப் பார்க்காத மாதிரிப் பார்த்தோம். தேத்தண்ணி குடிக்க எனக்கு ஆசை. எழும்பிப் போனால் மரியாதையில்லாதவன் என்று குறித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் வாங்கை விட்டு அசையாமல் இருந்தேன்.

லோஞ்சி புறப்பட்டு முதல் கால்மணி நேரம் மோசமில்லை. நயினாதீவின் கோபுரம் பின்னால் போனதும் சோளகம் நேரே பிடித்தது. முதல் அலை முன்பக்கத்தைத் தூக்கிப் போட்டது. மூட்டைகள் சரிந்தன, ஒரு கூடைக் கோழிகள் கத்தின, தவராசா ஒரு மாமூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகா என்றார். இரண்டாவது அலைக்கு எல்லாரும் பலகையில் குந்திவிட்டார்கள். சற்று நேரம் கழித்துத்தான் ஒன்றை உணர்ந்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றையும் பிடிக்காமல், ஒரு கையைக் களிசான் பைக்குள் விட்டபடி, முழங்காலை அலையோடு மடக்கி மடக்கி நின்றுகொண்டிருந்தேன். லோஞ்சியில் அப்படி நின்றவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அதை ஓட்டிய தண்டையல், மற்றவன் நான்.

கீழே இருந்து தலைவர் என்னைப் பார்த்தார்.

எனக்கு உடம்பு கூசியது. ஊரை மறைக்கலாம், தொழிலை வியாபாரம் என்று எழுதலாம், கையை லேஞ்சிக்குள் ஒளிக்கலாம். இந்தக் காலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? உடனே தலையைப் பிடித்தேன். முனகினேன். பலகையில் சரிந்தேன். அதுவும் போதாது என்று பட்டது. பக்கவாட்டுக்கு ஓடி, கடலுக்குமேல் குனிந்து, ஓங்காளித்துச் சத்தி எடுப்பதுபோல நடித்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதபடியால் வயிற்றிலிருந்து வருவதற்கு ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் வந்தது. தலைவருக்கு அப்போது உண்மையாகவே வந்துகொண்டிருந்தது. பரிசோதகருக்கும் அப்படியே. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனானேன் என்று ஆறுதல்பட்டேன்.

ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவின் மாவலித்துறை. எல்லாரும் தள்ளாடி இறங்கிய பிறகு தண்டையல் என்னை மறித்தார். உப்பில் வெளுத்த தலை, வாயில் பாதிச் சுருட்டு.

"தம்பி, எந்தக் கரை?"

"ஏன் கேக்கிறியள்?"

"தரைக்காறர் எல்லாரும் காத்து வாற பக்கம் பாத்துச் சத்தி எடுத்து, அது திரும்பி அவையின்ரை மூஞ்சையிலைதான் விழுந்தது. காத்துக்கு மறைவான பக்கமாப் பாத்து ஓடினது நீ ஒருத்தன்தான்." சுருட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். "நடிக்கிறதெண்டாலும் பிழையான பக்கம் போய் நடிக்க வேணும்."

எனக்கு முகம் எரிந்தது. "அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ," என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவரும் கரைக்காரர்தான்.

நெடுந்தீவை நான் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. சாந்து இல்லாமல் பவளப் பாறையான முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் வளவுக்கு வளவு ஓடின. வெட்டையில் கட்டைக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று காற்றுக்கு முதுகைக் கொடுத்திருந்தன. மரங்கள் குறைவு, வானம் அதிகம். உழவு மிசின் பெட்டியில் ஏற்றி எங்களைச் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் மாமூட்டைகளும் இருந்த அறைக்கு வெளியே நாங்கள் நால்வரும் காத்திருந்தோம். உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று கதிரைகள், முன்னால் ஒன்று. தலைவர், பரிசோதகர், மூன்றாவது கதிரையில் தீவின் கிளைக்குழுவைச் சேர்ந்த ஒருவர். தீவுக்காரர் முகத்தைத் தவிர மற்ற இரண்டு முகமும் மஞ்சளாக இருந்தன.

தவராசா உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். "கடல் ஒத்துக்கொள்ளுமோ எண்டு கேட்டவை. பழகிப்போடும் எண்டன்," என்றார். மாமூட்டையில் இருந்த வெள்ளை இன்னும் அவர் கழுத்துப்பட்டியில் இருந்தது.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். பரிசோதகர் கணக்குப் பற்றிக் கேட்டார், சொன்னேன். அரிசிப் பங்கீடு பற்றித் தீவுக்காரர் கேட்டார், சொன்னேன். தலைவர் என் தாள்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்த கேள்வி வரப்போகிறது என்று கதிரையின் ஓரத்தில் இருந்தேன். 'வியாபாரம்' என்ற சொல் நாக்கின் நுனியில் ஆயத்தமாக நின்றது.

"எல்லாம் நல்லாத்தான் கிடக்கு," என்றார் தலைவர். "உம்மை எடுக்க எனக்கு விருப்பம். ஆனா ஒண்டு. சாமான் ஏத்திறதுக்கு மாசத்திலை நாலைஞ்சு தரம் இந்தக் கடலைக் கடக்க வேணும். முந்தி இருந்தவை ஓடினதே அதாலைதான். நீர் வரேக்கை கிடந்த கிடையை நான் பாத்தனான். பாவம் தம்பி, உமக்கு இது சரிவராது." அவர் தாள்களை மூடினார்.

அந்த நொடியை எப்படிச் சொல்வது? இரண்டு இடத்தில் கடற்கரைப் பிள்ளை என்று வேலை தரவில்லை. இங்கே கடல் தெரியாத பிள்ளை என்று தரப்போவதில்லை. எழும்பிப் போயிருக்கலாம். மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் தவராசாவுக்குப் போகப்போகிற வேலையை நினைத்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"ஐயா, நான் நடிச்சனான்."

"என்ன?"

"சத்தி எடுத்தது நடிப்பு. எனக்குக் கடல் ஒண்டும் செய்யாது."

பரிசோதகர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. "உதை ஏன் நடிக்க வேணும்?"

கையிரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். "கடற்கரைப் பிள்ளை எண்டு தெரிஞ்சா வேலை தரமாட்டியள் எண்டு பயந்தனான். அப்புவின்ரை தொழில் வியாபாரம் இல்லை, ஐயா. கடற்றொழில். ஒரு வள்ளம் சொந்தமா வைச்சிருக்கிறார். சின்ன வயசிலையிருந்து நானும் அதிலை போய் வாறனான்."

பயப்படத் தேவையில்லை தம்பி, நாங்கள் அப்படியானவர்கள் இல்லை என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அந்தப் பொய்யைச் சொல்லவும் ஒருவரும் துணியவில்லை. தலைவர் தண்ணீர்க் கிளாசை எடுத்து ஒரு மிடறு குடித்து மேசையில் வைத்தார்.

"சரி," என்றார். "அறிவிப்பம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. மூன்று இடம், ஒரே சொல். வெளியே வந்து முருகைக்கல் வேலியில் சாய்ந்தபடி, அப்புவிடம் எதைச் சொல்வது என்று யோசித்தேன். வாய் திறவாதை என்று சொல்லித்தான் விட்டார். திறந்தேன், கெட்டேன்.

பிற்பகல் மூன்றுக்குத் திரும்பும் லோஞ்சி. காற்று காலையை விடக் கடுமை. இனி யாருக்காக நடிப்பது? பின்பக்கமாகப் போய்த் தண்டையலுக்குக் கிட்ட நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுருட்டின் மற்றப் பாதியை நீட்டினார். வேண்டாம் என்றேன். நடுக்கடலில் ஒரு பெரிய அலை எங்களைப் பக்கமாகச் சாய்த்தபோது, குடையும் தாள்களுமாகத் தலைவர் பலகையிலிருந்து வழுக்கி என் காலடிக்கு வந்து சேர்ந்தார்.

எனக்குக் கோபம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் வயது போன மனுசன், முகம் சாம்பல். தூக்கி இருத்தி, கூடவே இருந்தேன்.

"ஐயா, கண்ணை மூடாதையுங்கோ. அங்கை தெரியுது பாருங்கோ கரை, அதையே பாருங்கோ. உடம்பை விறைக்காமல் அலையோடை விடுங்கோ."

அவர் என் கையைப் பிடித்தார். லேஞ்சிக்குள் நான் ஒளித்த அதே கை. குறிகட்டுவான் வரைக்கும் விடவில்லை. இரண்டு தரம் சத்தி எடுத்தார். நான் அவரைக் காற்றுக்கு மறைவான பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன்.

துறையில் கால் வைத்த பிறகும் சற்று நேரம் என் கையைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்கினார். பிறகு, கடலைப் பார்த்தபடி, "முதலாம் திகதி துவங்கலாமோ?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எதை, ஐயா?"

"வேலையைத்தான். கடுதாசி பின்னாலை வரும். வரேக்கை அந்த விண்ணப்பத்தைத் திருத்தித் தாரும். வியாபாரம் எண்டதை வெட்டிப்போட்டு உள்ளதை எழுதும்."

நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. அவர் குடையை எடுத்துக் கொடுத்தது நினைவிருக்கிறது. இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தரையில் இரண்டடி நடந்ததும் தலைவர் என் கையை விட்டார், சட்டையைச் சரிசெய்தார், மீண்டும் தலைவரானார். யாழ்ப்பாணம் வரைக்கும் பஸ்ஸில் அவர் முன் ஆசனம், நான் பின் ஆசனம். என் பட்டத்துக்கு வேலை கிடைக்கவில்லை, காலுக்குத்தான் கிடைத்தது. கரையில் எனக்குக் கதவைச் சாத்திய அதே பிறப்பு கடலில் திறந்துவிட்டது. இதற்குச் சந்தோசப்படுவதா, அழுவதா என்று பண்ணைப் பாலம் வரும்வரை யோசித்தேன். பாலத்தில் ஏறியதும் சந்தோசம்தான் வென்றது.

விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் இறங்கினேன். எங்கள் கடல் காலையில் விட்ட இடத்தில் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கடலில் இருக்க வேண்டிய அப்பு பாலத்தின் ஓரச் சுவரில் குந்தியிருந்தார். அன்று தொழிலுக்குப் போகவில்லை.

"என்ன கேட்டவை?"

"கடல் ஒத்துக்கொள்ளுமோ எண்டு கேட்டவை."

"அதுக்கு?"

"உங்கடை தொழிலைச் சொல்லிப்போட்டன், அப்பு."

அவர் எழும்பிவிட்டார். "கெடுத்தாய்! படிச்ச மேன் எண்டுதான் பேர். விடியத்தானே சொல்லி அனுப்பினனான்? வாய் திறக்காதை எண்டு சொன்னனானோ, இல்லையோ? இனி உதுவும் போச்சு. உனக்கு ஆர் வேலை தரப்போறான்?"

"தந்திட்டினம், அப்பு. முதலாம் திகதி துவங்க வேணும்."

அப்பு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். கோயில் வீதி திரும்பியதும், முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"என்னெண்டு சொன்னனி?"

"கடற்றொழில் எண்டன். சொந்தமா ஒரு வள்ளம் வைச்சிருக்கிறார் எண்டன்."

இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தோம்.

"ரெண்டு," என்றார் அப்பு. "ரெண்டு வள்ளம் எண்டு சொல்லியிருக்க வேணும். சின்னதை ஏன் விட்டனி?"